காற்று பார்த்துச் செய்யும் கப்பல்

துணியிலும் காகிதக் கூழிலும் அலங்காரப் பாய்மரக் கப்பல் செய்யக் கற்க வருகிறவர்கள் முதலில் பசையைப் பற்றிக் கேட்பார்கள். அடுத்து வண்ணத்தைப் பற்றி. காற்றைப் பற்றி யாரும் கேட்பதில்லை. இந்த வேலையில் பாதியைத்தான் கை செய்கிறது. மீதி காற்றின் பாடு. கப்பலின் உடலான காகிதக் கூட்டைக் காயவைப்பது அறைக்குள் அடிக்கும் காற்று. பாயைப் புடைக்க வைப்பது, கடலில் அடிப்பதாக நாம் மனசில் வைத்துக்கொள்ளும் காற்று. இரண்டையும் அறிந்து செய்த கப்பல் பல வருஷம் அலமாரியில் உருக்குலையாமல் நிற்கும். பார்க்கிறவர்களுக்கும் அது ஓடுகிற கப்பலாகத் தெரியும்.

நான் தூத்துக்குடிக்காரி. தையல் மெஷின் மிதித்துப் பிழைத்துக்கொண்டிருந்தவள். எங்கள் தெருவில் கொலு பொம்மை செய்கிற அண்ணாச்சி ஒருவர் இருந்தார். நவராத்திரி முடிந்தால் தோணியும் கப்பலும் செய்வார். பாய் தைத்துத் தரத்தான் என்னைக் கூப்பிட்டார். பாய் கொடுக்கப் போகும்போதெல்லாம் அவர் கையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஒருநாள் பலகையை நகர்த்திப் போட்டு, "நின்னா கால் வலிக்கும், உக்காரு தாயி" என்றார். அப்படித்தான் உட்கார்ந்தேன்.

அவர் வாயால் சொல்லிக்கொடுத்தது குறைவு. நாம் ஒட்டியதைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவுவார். விரல் எங்கே நிற்கிறதோ அங்கே குறை. சின்னக் கத்தியால் அந்த ஒட்டை மட்டும் உரித்துவிட்டு, "இங்கேருந்து வா" என்பார். முழுக் கூட்டையும் தூக்கிப் போடச் சொன்னதே இல்லை. குறை எந்த ஒட்டில் வந்ததோ அதுவரை இறங்கிப் போய்த் திரும்ப ஏறி வர வேண்டும். அடுக்கடுக்காகச் செய்கிற வேலையில் இதைவிடப் பெரிய பாடம் கிடையாது.

முதலில் தாள். நாளிதழ்த் தாள்தான் வேண்டும். வழவழப்பான வார இதழ்த் தாளின் மேல் பூச்சு இருப்பதால் பசை உள்ளே இறங்காது. காய்ந்ததும் தோல் தோலாகப் பிரியும். நாளிதழுக்கு ஓட்டம் உண்டு. மேலிருந்து கீழே கிழித்தால் நேராக வரும். அகலவாக்கில் கிழித்தால் கோணும். ஓட்டம் பார்த்து இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்துக்கொள்ளுங்கள். கத்தரிக்கோல் வேண்டாம். கிழித்த ஓரம் நாராக மெலிந்து பக்கத்துத் துண்டோடு கலந்துவிடும். கத்தரித்த ஓரம் படியாக நின்று, எத்தனை பூச்சு பூசினாலும் விரலுக்குத் தட்டுப்படும்.

கூட்டின் வடிவிலுள்ள மர அச்சின் மேல் முதல் ஒட்டுக்குப் பசை கிடையாது. வெறும் தண்ணீரில் நனைத்துப் படிய வைக்க வேண்டும். அப்போதுதான் கூடு அச்சைவிட்டுக் கழன்று வரும். இரண்டாவதிலிருந்து பசை. ஒரு ஒட்டு நாளிதழ், அடுத்தது காக்கித் தாள் என்று மாற்றி மாற்றிப் போட்டால் எங்கே விட்டுப்போயிற்று என்பது நிறத்திலேயே தெரியும். ஒன்றை நீளவாக்கில் போட்டால் அடுத்ததைச் சாய்வாகப் போடுங்கள். எல்லாம் ஒரே திசையில் இருந்தால் காயும்போது கூடும் அந்தத் திசையிலேயே முறுக்கிக்கொள்ளும்.

பசைக்கு மைதா. பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கிற தண்ணீரில் ஊற்றிக் கைவிடாமல் கிண்ட வேண்டும். மாவின் வெள்ளை மாறிப் பளபளப்பு வந்ததும் இறக்கிவிடலாம். இளஞ்சூட்டில் மயில்துத்தம் கொஞ்சம் கரைத்து ஊற்றினால் பூஞ்சையும் பூச்சியும் அண்டாது; புத்தகம் கட்டுகிறவர்கள் பசையில் சேர்ப்பதும் இதைத்தான். மயில்துத்தம் விஷம். அதற்கென்று தனிப் பாத்திரம் வைத்துக்கொள்ளுங்கள். இரும்புச் சட்டி கூடாது. பிள்ளைகள் கைக்கு எட்டக் கூடாது. எங்கள் ஊர்போலக் கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிணற்று உப்புத் தண்ணீரில் பசை காய்ச்சாதீர்கள். உப்பு கூட்டிலேயே தங்கி, ஈரக் காற்று வரும்போதெல்லாம் தண்ணீரை இழுக்கும்.

கூழ் என்பது வேறு வேலை. கூடு ஒட்டில் வளரும். அணியம் என்கிற முன்பகுதியின் முகப்பு, பின்புறத்துச் சித்திர வேலை, தளத்து ஓரக் கட்டு இவையெல்லாம் கூழில் எழும். தாளை ஊறவைத்து, வெந்தயத்தையும் ஊறவைத்து, இரண்டையும் சேர்த்து ஆட்டுரலில் அரைப்போம். எங்கள் பக்கத்து ஆச்சிமார் காகிதக் கூடை செய்ய அரைத்த பக்குவம்தான் இது. வெந்தயத்தின் வழவழப்பு கூழைப் பிடித்து நிறுத்தும். கசப்புக்குப் பூச்சி வராது. கூழ் ஒட்டைவிட அதிகமாகச் சுருங்கும். அதனால் சித்திர வேலையை ஒரே தடவையில் உருட்டி வைத்துவிடாதீர்கள். மெல்லியதாக வைத்து, காயவிட்டு, அதன் மேல் மறுபடி வையுங்கள். அவசரமாக வைத்த கூழ் நடுவே வெடிக்கும்.

காயவைக்கிற இடத்தில்தான் பலர் கைவிட்டுப் போகிறார்கள். ஆனி, ஆடியில் எங்கள் ஊரில் கச்சான் அடிக்கும். சூடான வறண்ட மேல்காற்று. ஈரத் துணி பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்துவிடும். அந்தக் காற்றில் கூட்டை வைத்தால் மேல் ஒட்டு இறுகி உள்ளே ஈரம் அடைபட்டுப் போகும். நாலு நாள் கழித்துப் பூஞ்சை வாடை வரும்போதுதான் தெரியும். ஐப்பசி, கார்த்திகை வாடைக்காற்றில் எதிர்த் தொல்லை. ஒரு ஒட்டே நாள் கணக்கில் காயாது. கச்சானில் சன்னலைச் சாத்தி நிழலில் வைப்போம். வாடையில் ஒரு நாளைக்கு ஒரு ஒட்டோடு நிறுத்திக்கொள்வோம். எந்தக் காலத்திலும் வெயிலில் வைப்பதில்லை.

காய்ந்துவிட்டதா என்று பார்க்க அண்ணாச்சி கூட்டைக் கன்னத்தில் வைப்பார். சில்லென்று பட்டால் உள்ளே ஈரம் இருக்கிறது. பிறகு விரல் முட்டியால் தட்டுவார். ஈரக் கூடு மந்தமாகச் சத்தம் கொடுக்கும். காய்ந்தது கணீரென்று கேட்கும். கன்னமும் காதும் பழகாத புதியவர்களுக்கு நான் சொல்வது தராசு. தினமும் கூட்டை நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு நாள் சேர்ந்தாற்போல எடை குறையாமல் நின்றால் காய்ந்துவிட்டது என்று நம்பலாம்.

அச்சைவிட்டுக் கழற்றியதும் கூட்டின் இரண்டு விலாவும் உள்ளே சாயப் பார்க்கும். உடனே கெட்டி அட்டையில் குறுக்குத் தட்டைகள் வெட்டி, நிஜத் தோணியில் வங்குக்கால் என்ற விலாச்சட்டம் நிற்கும் இடங்களில் நிறுத்தி ஒட்டிவிட வேண்டும். நாளைக்கு ஒட்டலாம் என்று விட்டால் மறுநாள் தளம் பொருந்தாது. தட்டைகள் வைத்தபின் கூட்டைக் கவிழ்த்து ஏரா என்ற அடிக்கட்டையின் மேல் கண்ணை ஓடவிடுங்கள். முன்முனையிலிருந்து பின்முனைவரை ஒரே கோடாக இருந்தால்தான் மேலே கை வைக்கலாம்.

அடுத்தது துணித் தோல். காகிதக் கூட்டின் மேல் ஒரு சுற்றுத் துணி ஒட்டினால்தான் இடித்தாலும் நசுங்காது. நன்றாகத் துவைத்துத் தேய்ந்த பருத்தி வேட்டியைவிடச் சிறந்தது கிடையாது. புதுக் காடாத் துணியில் கஞ்சி இருக்கும். பசையை உள்ளே விடாது. வேறு வழியில்லை என்றால் சலவைச் சோடா போட்டுக் கொதிக்கவைத்து அலசிக்கொள்ளுங்கள். அணியத்தில் கூடு குறுகி வளையும் இடத்தில் துணி சுருக்கம் விழும். அண்ணாச்சி அங்கே துணியைச் சின்னச் சின்னதாக வெட்டி ஒன்றன்மேல் ஒன்று மடித்து ஒட்டுவார். மேடு தட்டும், பிறகு உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்துச் சமன் செய்வார். கையில் நேரம் இருந்த ஒருநாள், ரவிக்கைக் கழுத்துப் பட்டிக்கு வெட்டுவதுபோல வேட்டியைக் கிராஸாக, பாவுக்கும் ஊடைக்கும் நடுவே மூலைவாக்கில் வெட்டி, பசையில் நனைத்து அணியத்தின் மேல் இழுத்துப் படிய வைத்தேன். ஒரு சுருக்கம் இல்லை. அண்ணாச்சி கட்டைவிரலால் தடவினார். விரல் எங்கும் நிற்கவில்லை. ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் நான் போனபோது அவர் தரையில் வேட்டியை விரித்து மூலைவாக்கில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். வேறு தொழில் செய்துவிட்டு இங்கே வருகிறவர்களுக்கு இதைச் சொல்கிறேன்: பழைய தொழிலை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வராதீர்கள்.

துணி காய்ந்ததும் சாக்குத்தூளை வச்சிரப் பசையில் குழைத்துப் பூச்சு. பால் பதத்துக்கு மேல் கெட்டியாக வேண்டாம். ஒரு பூச்சு நீளவாக்கில், காய்ந்து தேய்த்தபின் அடுத்தது குறுக்குவாக்கில். கடைசிப் பூச்சு அரை ஈரமாக இருக்கும்போது மொட்டை ஊசியால் பலகைக் கோடுகளை இழுத்துவிடலாம். நிஜத் தோணியில் பலகைகளின் இடுக்கில் பஞ்சு திணித்துக் கலபத்து அடித்திருப்பார்கள். அந்த இடுக்குதான் இந்தக் கோடு. அணியத்திலும் பின்முனையிலும் பலகைகள் ஒடுங்கும். கோடுகளும் அங்கே நெருங்க வேண்டும். எல்லா இடத்திலும் ஒரே இடைவெளி விட்டால் பழகிய கண்ணுக்கு உடனே உறுத்தும்.

பாய்மரத்துக்கும், பாயைத் தாங்கும் குறுக்குக் கம்பான பருமலுக்கும் மூங்கில். அறுக்காமல் பிளந்து எடுங்கள். பிளந்தால் நார் முழு நீளத்துக்கும் ஓடும். அறுத்தால் நார் பாதியில் வெட்டுப்பட்டு, கயிறு இழுக்கும்போது அங்கே வளையும். எடுத்த சிம்புகளைச் சில நாள் தண்ணீரில் ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தால் மாவுச்சத்து வெளியேறும், வண்டு துளைக்காது. கண்ணாடிச் சில்லால் சுரண்டி நுனியை மெலிய வையுங்கள். மரம் தளத்து ஓட்டையில் மட்டும் நின்றால் போதாது. கூட்டின் அடியில் ஒரு கட்டையில் குழி வெட்டி, மரத்தின் கால் அதில் உட்கார வேண்டும். தளத்தோடு ஒட்டிய மரம் ஒரு மழைக்காலம் தாண்டினால் சாய்ந்திருக்கும்.

இனிப் பாய். துணியை வெட்டுமுன் ஒரு துண்டுத் தாளில் கப்பலை மேலிருந்து பார்ப்பதுபோல வரைந்து, காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று அம்புக்குறி போட்டுக்கொள்ளுங்கள். இதை நான் பழகியது எங்களிடம் பழுதுபார்க்க வந்த ஒரு கப்பலால். யாரோ வீட்டுக் கூடத்தில் இருந்தது, நேர்த்தியான கைவேலை. தோணியை நடத்தும் தண்டலாக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் அண்ணாச்சியைப் பார்க்க வந்தவர், அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "பாயெல்லாம் பின்காத்துல புடைச்சிருக்கு, கொடி மட்டும் பின்னால பாத்துப் பறக்கு. ஒரே கடல்ல ரெண்டு காத்தா மக்கா அடிக்கி?" என்றார். காற்று பின்னாலிருந்து அடித்துப் பாய் முன்னோக்கிப் புடைத்தால் கொடியும் முன்னோக்கித்தான் பறக்கும். இயந்திரம் வைத்த படகில் கொடி பின்னால் பறப்பதைப் பார்த்துப் பழகிய கண், பாய்க்கப்பலிலும் அப்படியே வைத்துவிடுகிறது. பழுது பார்த்ததோடு கொடியையும் திருப்பி வைத்துத்தான் அனுப்பினோம்.

பாய்த்துணிக்கு மெல்லிய மல் துணி நல்லது. வெள்ளையாக விடாதீர்கள். கடுக்காய் ஊறிய தண்ணீரில் முக்கி, பிறகு தேயிலைச் சாற்றில் முக்கி எடுத்தால் கடலில் அடிபட்ட பாயின் நிறம் வரும். பெரிய பாய்கள் ஒரே துணியில் இருப்பதில்லை. குறுகிய பட்டைகளைச் சேர்த்துத் தைத்தவை. அந்தத் தையல்களைப் பேனாவால் வரைகிறவர்கள் உண்டு. நாளாக நாளாக மை ஊறிப் பரவும். துணியின் ஓரத்தில் ஊசிமுனையால் ஒற்றை இழையைத் தூக்கி, விரலில் சுற்றி, மெதுவாக உருவி எடுங்கள். இழை போன இடத்தில் மெல்லிய நேர்கோடு விழும். வெளிச்சத்தில் பிடித்தால் தையல் விட்ட பட்டைபோலவே தெரியும். பாதியில் இழை அறுந்தால் ஊசியால் அறுந்த முனையைத் தேடிப் பிடித்துத் தொடர வேண்டும். இதைச் சாயம் போடுமுன் செய்துவிடுங்கள்; சாயமேறிய இழை விறைத்துப்போய் லேசில் உருவாது.

பாயைப் புடைக்க வைக்க, ஓரம் மடித்துத் தைத்த துணியைத் தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் நனைத்து, மண்பானையின் வயிற்றில் மெழுகுத்தாள் விரித்து அதன் மேல் படிய வைத்துக் காயவிடுவோம். பெரிய பாய்க்குக் குடம், சின்னப் பாய்க்குச் செம்பு. புடைப்பின் ஆழமான இடம் பாயின் நடுவில் வராமல், காற்று முதலில் தொடும் ஓரத்துக்குக் கொஞ்சம் நெருங்கி இருந்தால் உயிர் வரும்.

ஒரே காற்றுக்கு எல்லாப் பாயும் ஒரே மாதிரி நிற்காது. இதை எனக்கு விளங்க வைத்தது அன்னபூரணி. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் நம் ஆட்கள் கட்டிய இரட்டைப் பாய்மரக் கப்பல் அது. அமெரிக்கரான வில்லியம் ராபின்சன் அதை வாங்கினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் ஓட்டிக்கொண்டு போய் 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். வல்வெட்டித்துறையைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பம் ஒன்று அதன் உருவம் வேண்டுமென்று கேட்டது. 89 அடி நீளம், 19 அடி அகலம். அடிக்குக் கால் அங்குலம் வைத்தால் கூடு 22¼ அங்குலம் நீளம், 4¾ அங்குலம் அகலம். முன்மரத்தில் குறுக்குப் பருமலில் தொங்கும் சதுரப் பாய்கள். பின்மரத்தில் கப்பலின் நீளவாக்கில் விரியும் பாய். காற்று இடது பின்பக்கமிருந்து வருவதாக அம்புக்குறி போட்டேன். அப்படியானால் முன்மரத்துப் பருமலின் இடதுமுனை சற்று முன்னே போய் வலதுமுனை பின்னே வர வேண்டும். பின்மரத்துப் பாய் வலப்புறம் வெளியே தள்ளி நிற்க வேண்டும். கொடி வலது முன்பக்கம் பறக்க வேண்டும். மூன்றும் மூன்று விதமாக நின்றாலும் காற்று ஒன்றுதான். அந்தத் துண்டுத் தாள் பக்கத்தில் இல்லாமல் அதைக் கட்டியிருக்க முடியாது.

கடைசியாகக் கயிறு. பருத்தி நூலை முறுக்கி, தேன்மெழுகில் இழுத்து எடுங்கள். பிசிர் படியும், ஈரமும் ஏறாது. மெழுகு ஏறாத பருத்தி நூல் மழைக்காலத்தில் நனைந்து சுருங்கி, மரத்தையே வளைத்துவிடும். ஒரு பக்கக் கயிறு முழுவதையும் கட்டிவிட்டு மறுபக்கம் போகக் கூடாது. முதலில் முன்கயிறு, பிறகு இடதில் ஒன்று, வலதில் ஒன்று என்று ஜோடி ஜோடியாக. ஒவ்வொரு ஜோடிக்கும் பிறகு தள்ளி நின்று மரம் நேராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பருமலை ஏற்றும் ஆஞ்சானையும் பாயின் கீழ்மூலையை இழுக்கும் தாமானையும் கடைசியில் கட்டுங்கள். காற்று நிறைந்த பாயின் தாமான் விறைப்பாக நிற்கும். புடைத்த பாயில் தொய்ந்த தாமானைக் கட்டினால், கடலறிந்த ஒருவர் முகம் சுளிப்பார். அந்த ஒருவருக்காகத்தான் செய்ய வேண்டும்.

அண்ணாச்சி இப்போது இல்லை. அவருடைய மர அச்சு என்னிடம் இருக்கிறது; எண்ணெய் ஊறிக் கறுத்துப்போன அச்சு. கற்க வருகிற பெண்களும் தம்பிகளும் அதில்தான் முதல் கூடு ஒட்டுகிறார்கள். நான் ஒட்டும்போது கட்டைவிரலை வைத்துப் பார்க்கச் சொல்கிறேன். விரலுக்குத் தெரிந்ததைக் கண் பிறகு தெரிந்துகொள்ளும். நல்ல விலை கொடுப்பவர்களும் உண்டு, பிளாஸ்டிக் கப்பல் இதில் பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்பவர்களும் உண்டு. இரண்டு பேருக்கும் செய்கிற ஒட்டு ஒன்றுதான்.

கற்க நினைக்கிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவே. பழைய வேட்டி, நாளிதழ், மைதா இருந்தால் நாளைக்கே தொடங்கலாம். முதலில் ஒட்டும் கூடுகளுக்கு வண்ணம் பூசாதீர்கள். ஒரு வருஷக் கச்சானையும் வாடையையும் அவை பார்க்கட்டும். எது முறுக்கியது, எது வெடித்தது, எது நின்றது என்று அவற்றிடமே தெரிந்துகொள்ளுங்கள். தூத்துக்குடிப் பழைய துறைமுகத்துக்குப் போங்கள். மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றும் தோணிகள் இன்றும் அங்கே நிற்கின்றன. பாய் கட்டி ஓடிய காலத்தை நினைவில் வைத்திருக்கும் பெரியவர்களும் ஊரில் இருக்கிறார்கள். எந்தக் கயிறு எதற்கு என்று அவர்களைக் கேளுங்கள். கேட்டவர்களுக்கு அவர்கள் சொல்லாமல் இருந்ததில்லை. அவர்கள் இருக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.